யார் யாரை ஆராய்வது?

(திண்டிவனத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் நீளமானது. 'வளரிளம் பருவத்தினரிடம் மனிதப் பன்முகத்தன்மைக்கான மரியாதையை வளர்ப்பதில் குழு ஆய்வுகளின் பங்கு.' அழைப்பிதழை வங்கியில் மேசைமேல் வைத்திருந்தேன். பக்கத்து கவுன்டர் நண்பர் எடுத்துப் படித்துவிட்டு, 'இன்னா சார், புதுசா எதுனா லோன் ஸ்கீமா?' என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல விஷயங்களையெல்லாம் அரசாங்கச் சுற்றறிக்கை மொழியில் சொல்லியே நாம் பழகிவிட்டோம்.

தலைப்பில் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. ஒன்று மரியாதை. நம் பக்கத்துக் கிராமங்களில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? கோயிலில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பது மரியாதை. தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கினால் மரியாதை. ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மரியாதை. 'மரியாதை தெரிஞ்ச பையன்' என்று ஊர்ப்பெரியவர் ஒருவர் சேரிப் பையனைப் பாராட்டினால், அந்தப் பையன் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன் என்று இருக்கிற வரை மரியாதை என்பதும் ஒரு சாதிச் சொல்தான். இந்தச் சொல்லை வகுப்பறைக்குள் கொண்டுபோகிற ஆசிரியர் எந்த மரியாதையைச் சொல்கிறார் என்று பிள்ளைகளுக்கு முதலில் விளக்கிவிட வேண்டும்.

இன்னொன்று பன்முகத்தன்மை. குடியரசு தினத்தன்று பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடக்கும். ஒரு பிள்ளை பஞ்சாபி, ஒரு பிள்ளை காஷ்மீரி, ஒரு பிள்ளை சந்தன நிறச் சேலையில் கேரளத்துப் பெண். வேற்றுமையில் ஒற்றுமை என்று பின்னால் பேனர் தொங்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர் பிள்ளை அந்த மேடையில் இருக்காது. (இருளர் வேடம் என்று யாருக்காவது போட்டுவிட்டிருந்தால் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும், அது வேறு விஷயம்.) தூரத்தில் இருக்கிறவர்களின் வித்தியாசத்தை ரசிப்பது சுலபம். பக்கத்துத் தெருவின் வித்தியாசம்தான் தொண்டையில் சிக்குகிறது.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. மொழி, நிறம், உணவு, பாலினம், மதம், உடற்குறை இவையெல்லாம் வேற்றுமைகள். இவற்றை மதிக்கக் கற்க வேண்டும், சரி. சாதி அப்படிப்பட்ட ஒரு வேற்றுமையா? படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருப்பதை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் பூத்த பூக்களாகப் பார்ப்பது? 'எல்லாச் சாதியையும் மதிக்கணும்' என்று ஒரு நல்லெண்ண ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது தெரியுமா? 'என் சாதியை நீ மதி, உன் சாதியை நான் மதிக்கிறேன், ஆளுக்கொரு கயிறு கட்டிக்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறது.

கயிறு என்று சொன்னது உவமைக்காக அல்ல. தென்மாவட்டப் பள்ளிகளில் எந்தச் சாதிக்கு எந்த வண்ணக் கயிறு என்பது எல்லோருக்கும் தெரிந்த விவகாரம். 2019 இல் பள்ளிக் கல்வித்துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சரே சொல்லிவிட்டார். நாலு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் வீட்டுக்குள் புகுந்து, அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படை இல்லை, கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்பதையெல்லாம் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதில் சின்னதாக ஒரு பரிந்துரை இருக்கிறது. வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அது. இதெல்லாம் ஒரு பரிந்துரையா என்று சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டெல்லியில் 2007 முதல் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பணக்கார வீட்டுப் பெற்றோர்கள் கூச்சல் போட்டார்கள். கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்தப் பள்ளிகளுக்குப் போய் ஆராய்ந்தார். 2019 இல் அவருடைய கட்டுரை வெளியானது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்கிறவர்களாக, ஏழை என்பதற்காக ஒருவரை ஒதுக்காதவர்களாக மாறியிருந்தார்கள். இதில் நமக்கு வேண்டிய இடம் இதுதான்: சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்கள் பிரித்திருந்தார்கள். யாரோடு யார் என்பதை அப்பாவும் தீர்மானிக்கவில்லை, வாத்தியாரும் தீர்மானிக்கவில்லை, எழுத்து தீர்மானித்தது. ஒரே குழுவில் மாட்டிக்கொண்டு சேர்ந்து வேலை செய்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். சும்மா ஒரே கூரைக்குக் கீழே இருப்பது வேறு, ஒரு வேலையைச் சேர்ந்து முடிப்பது வேறு.

இன்னும் தெளிவான ஒரு சான்று உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களில் கிடைத்தது. மேட் லோ என்பவர் 2017 இல் அங்கே கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். 1,200க்கு மேற்பட்ட இளைஞர்கள். சிலருக்குப் பல சாதி கலந்த அணி, சிலருக்கு ஒரே சாதி அணி. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் எதிர் அணியில் ஆடியவர்களிடையே குறைந்தது! நம்ம ஊரில் பொங்கலுக்கு ஊர் டீம், காலனி டீம் என்று மேட்ச் வைத்து, 'சகோதரத்துவக் கிரிக்கெட்' என்று பேனர் போடுகிறார்களே, அவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில் 1971 இல் இதே பிரச்சினை. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழிவந்தவர்கள் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் நீதிபோதனை எதுவும் செய்யவில்லை. ஒரு பாடத்தை ஆறு துண்டாக்கி, ஆறு பிள்ளைகள் கொண்ட குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்ற ஐந்து பேர் வாயைத் திறந்தால்தான் முழுப்பாடமும் கிடைக்கும். நீ கேலி செய்கிற பையனிடம்தான் நாளைய பரீட்சைக்கான ஐந்து மதிப்பெண் இருக்கிறது. கேலி குறைந்தது. காரணம் அன்பு இல்லை, தேவை. அன்பு பிறகு வந்தது.

குழுவாகச் சேர்ந்து ஓர் உண்மையான கேள்விக்கு விடை தேடிப் படிப்பது என்ற முறைக்கு வேர் தேடினால், நமக்கு நெருக்கமான இடத்துக்கே வந்து சேர்கிறோம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்தார். அவர் பாடம் கேட்ட பேராசிரியர்களில் ஒருவர் ஜான் டூயி. பள்ளிக்கூடம் என்பதே ஜனநாயகத்தைப் பழகுகிற இடம் என்றவர். அதே வளாகத்து ஆசிரியர் கல்லூரியில், டூயியின் வழிவந்த கில்பாட்ரிக் 1918 இல் 'புராஜெக்ட் முறை' பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். 1936 இல் அம்பேத்கர் எழுதிய 'சாதியை ஒழிக்கும் வழி'யைப் படித்துப் பாருங்கள். ஒரு சமூகத்துக்குள் எல்லாத் திசைகளிலும் போக்குவரத்து இருக்க வேண்டும், அனுபவங்கள் பகிரப்பட வேண்டும், அதற்குப் பெயர்தான் ஜனநாயகம் என்று வாதாடுகிற பகுதியில் டூயியின் குரல் கேட்கும். ஆகவே புராஜெக்ட் என்பதை ஏதோ கான்வென்ட் சமாச்சாரம் என்று நம் தோழர்கள் தள்ளிவிடத் தேவையில்லை. அதில் நமக்கும் பாத்தியதை உண்டு.

அந்தப் புராஜெக்டை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும். 2012-13 இல் தொடர் மதிப்பீட்டு முறை வந்தது. செயல்பாடுகளுக்கு மதிப்பெண். நல்ல நோக்கம்தான். என்ன நடந்தது? பிள்ளை ஜெராக்ஸ் கடைக்குப் போகும். 'அண்ணா, பழங்குடிகள் பத்தி நாலு படம்.' அண்ணன் இணையத்திலிருந்து ஆப்பிரிக்கப் படமொன்றும் அந்தமான் படமொன்றும் எடுத்துக் கொடுப்பார். சார்ட்டில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, 20க்கு 18. காசு இருக்கிற பிள்ளைக்குத் தெர்மாக்கோல், இல்லாத பிள்ளைக்குத் திட்டு. இதற்கு நேர் எதிரானதும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1993 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஒருவரோடு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துத் தாய்மொழியிலேயே ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஏரி, குப்பை, கொசு, அடுப்பு என்று எத்தனையோ பார்த்திருக்கிறார்கள். அதே முறையை நம் தெருக்களின் மேல் திருப்பினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு முட்டுக்கட்டை ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஆரன்சனுக்கு ஒரே வகுப்பில் பல நிறப் பிள்ளைகள் இருந்தார்கள். நமக்கு? சேரியை ஒட்டி ஆதிதிராவிடர் நலப்பள்ளி, ஊருக்குள் ஒன்றியப் பள்ளி. நலப்பள்ளிகள் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தன, அதில் சந்தேகமில்லை. நானே அதில் படித்து வந்தவன்தான். ஆனால் பதினைந்து வயது வரை இந்தப் பிள்ளைக்கு அந்தப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது. எல்லா வகைப் பள்ளிகளையும் ஒரே துறையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று சந்துரு அறிக்கை சொல்கிறது. நம் இயக்கங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. விடுதிக்கும் பள்ளிக்குமான நிதி கரைந்துபோகும் என்ற பயம் நியாயமானது. அந்த விவாதம் முடிகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழு ஆய்வுக்குப் பள்ளிகளை இணைக்கத் தேவையில்லை, ஏழு பிள்ளைகளை இணைத்தால் போதும்.

அப்படி ஏழு பிள்ளைகளோடு ஒரு ஆறுமாத காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரிய நண்பர் ஒருவர்தான் வழிகாட்டி, நான் கூடமாட. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். பெயர் சொல்லப்போவதில்லை, பிள்ளைகள் அங்கேதான் வாழ வேண்டும். நலப்பள்ளியில் படிக்கிற மூன்று பேர், ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு இருளர் பெண், அப்பா பழைய இரும்பு வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் பையன். எல்லோரும் 13, 14, 15 வயது. ஆய்வுத் தலைப்பு: நடை. 'எங்கள் ஊரில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள்?' அவ்வளவுதான். சாதி என்ற சொல்லே தலைப்பில் இல்லை.

முதல் வேலை, ஆளுக்கொரு தாளில் ஊரின் வரைபடம். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. முடிந்ததும் ஏழு தாளையும் தரையில் பரப்பினோம். ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரின் தாளிலும் சேரி இல்லை. ரோடு வளைகிற இடத்தில் தாள் முடிந்துவிட்டது. நலப்பள்ளிப் பிள்ளைகளின் தாளில் சேரியும் இருந்தது, ஊரும் இருந்தது. எந்த வீட்டில் மாடு, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் பின்வாசல் என்பது வரைக்கும். அம்மாக்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இருளர் பெண்ணின் தாளில் தெருக்களே கிடையாது. ஏரிக்கரை, இரண்டு புளியமரம், நண்டுவளை இருக்கிற வரப்பு, ரேஷன் கடை. ஒரு மூலையில் பெரிய கட்டமாக போலீஸ் ஸ்டேஷன். அந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷனே கிடையாது, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'அது ஏம்மா இங்க இருக்கு?' என்று கேட்டதற்கு, 'கிட்டதான் சார் இருக்கு' என்றது.

அந்த ஏழு தாளையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. ஊர்ப்பக்கத்துப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். 'உங்களுக்கு எங்க வூடு தெரியுது, எங்களுக்கு உங்க வூடு தெரியலையே?' நான் பத்து வருஷமாகத் தத்துவப் புத்தகங்களில் படித்துக்கொண்டிருந்த விஷயத்தை அவன் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டான். கீழே இருக்கிறவனுக்கு மேலே இருக்கிறவனைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. மேலே இருக்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அறியாமைகூட ஒரு சொத்துதான்.

இரண்டாவது வேலை, கேள்விகள். ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தக் கேள்வியையும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும், பிறகு தன் வீட்டில், அதற்குப் பிறகுதான் அடுத்த வீட்டில். 'நீ நடக்காத தெரு எது? நடக்கக்கூடாது என்று யார் சொன்னது? எப்போது சொன்னார்கள்?' நலப்பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் மூன்றாவது கேள்விக்கு ஒரே மாதிரி பதில்: 'யாரும் சொல்லல. ஆனா தெரியும்.' ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளும் சேரித் தெருவைப் பற்றி அதையேதான் எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எந்தப் பெண்ணின் வரைபடத்திலும் சாயந்திரம் ஆறு மணிக்குமேல் தெருவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவன் அந்த முஸ்லிம் பையன். கணக்கில் கெட்டி. எல்லா நோட்டிலும் நேரத்தைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டுவிட்டான். ஊர்ப்பெண்ணும் சேரிப்பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். வேற்றுமைக்கு மரியாதை என்று தலைப்பு கொடுத்தீர்களே, எனக்குத் தெரிந்தவரை அது இப்படித்தான், பக்கவாட்டில் நுழைகிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்ப்பெண் தன் ஆயாவிடம் கேட்டாள். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று முதலில் சொன்ன ஆயா, இரண்டாவது நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யாருக்கு எந்தக் குவளை, தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது, கூலி நெல்லை எங்கே கொட்டுவது. அவருக்கு அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை, சமையல் சொல்லிக்கொடுப்பது மாதிரி சொல்லியிருக்கிறார். பேத்தி அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அப்பா அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து இருளர் பெண்ணிடம் நோட்டை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள், நாலு பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த பக்கங்களில் இருந்ததை ஞாபகத்திலிருந்து கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மறுபடி எழுதியிருந்தாள்.

அந்த ஆய்வை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினோம். 'இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?' என்று நடுவர் ஒருவர் கேட்டார். அட்டவணை போட்ட பையனுக்குக் கோபம். 'கொசுவை எண்ணினா அறிவியல், ஆளை எண்ணினா இல்லையா சார்?' என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். யார் யாரை ஆராய்வது? பன்முகத்தன்மையை ஆராய்கிறோம் என்று சொல்லி வசதியான பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இருளர் குடியிருப்புக்கு அழைத்துப் போகிற வழக்கம் பரவிவருகிறது. எலி சாப்பிடுவீங்களா, பாம்பு பிடிப்பீங்களா என்று கேள்வி. கைப்பேசியில் படம். திரும்பி வந்து 'அவர்களும் நம்மைப் போல மனிதர்களே' என்று கட்டுரை. இது புதிதில்லை. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், நம் முன்னோர்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்தார். 1909 இல் தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளக்கப்பட்டவர்கள் யாரும் தர்ஸ்டனின் மூக்கை அளக்கவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகளைச் சின்னச் சின்னத் தர்ஸ்டன்களாக்கி அனுப்பினால் மரியாதை வளராது, பரிதாபம்தான் வளரும். பரிதாபம் என்பது அருவருப்பின் தங்கச்சி.

தீண்டாமையை ஆராய வேண்டும் என்றால் தீண்டப்படாதவரை எதற்கு ஆராய வேண்டும்? தீண்ட மறுக்கிறவரை அல்லவா ஆராய வேண்டும்? நம் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக ஊருக்குள் போக வேண்டும். 'தாத்தா, நீங்க ஏன் அந்தக் கடையில டீ குடிக்கிறதில்ல?' என்று ஊர்ப்பிள்ளை தன் தாத்தாவைக் கேட்க வேண்டும். இருளர் பெண் எழுதிய கேள்வி, 'திருட்டு எங்க நடந்தாலும் எங்களை மட்டும் ஏன் தேடி வர்றாங்க?' இதற்கு விடை இருளர் குடியிருப்பில் இல்லை. 1871 இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பழங்குடியினர் சட்டத்தில் இருக்கிறது. பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு என்ற கருத்து அது. 1911 இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது, 1952 இல் நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, அந்தப் பார்வை லத்திக்குள் தங்கிவிட்டது. பேராசிரியர் பிரபா கல்விமணி இதே திண்டிவனத்திலிருந்து உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தனை வருஷமாக எதை எதிர்த்து வழக்கு நடத்தியது என்பதைப் பிள்ளைகள் தேடிப் படித்தாலே அது ஒரு வருஷத்துப் புராஜெக்ட்.

'ஜெய் பீம்' படம் பார்க்காத பிள்ளை இல்லை. 2021 இல் வந்தது. அதை வைத்தே ஆராய்ச்சியின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். படத்தில் கொல்லப்படுகிறவர் இருளர். ஆனால் அந்தப் படத்துக்கு அடிப்படையான, 1993 இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த நிஜ வழக்கில் இறந்த ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். ஏன் மாற்றினார்கள்? மாற்றியதால் இருளருக்கு என்ன கிடைத்தது, குறவருக்கு எது விட்டுப்போனது? இந்தக் கேள்வியைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் போட்டுப் பாருங்கள், வகுப்பு தூங்காது.

கூவாகம் பற்றியும் இங்கே ஒரு ஆசிரியர் கேட்டார். கூவாகம் 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் சித்திரையில் விழுப்புரம் விடுதிகளெல்லாம் நிறைவது நமக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நம் பையன்கள் செய்கிற கேலியும் தெரியும். சேரிப் பையன்களும்தான் செய்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டவன் என்பதால் இன்னொருவரை ஒடுக்க அவனுக்கு உரிமம் கிடைத்துவிடாது. இதிலும் அதே விதிதான். திருநங்கைகளை ஆராயப் போகாதீர்கள். ஒரு திருநங்கையை ஆய்வுக்கு வழிகாட்டியாக அழையுங்கள். பிள்ளைகள் ஆராய வேண்டியது விழுப்புரத்தை: வாடகைக்கு வீடு கேட்டால் என்ன சொல்கிறார்கள், மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள், வங்கிப் படிவத்தில் எந்தக் கட்டம். என் கவுன்டருக்கும் வாருங்கள், நான் பதில் சொல்கிறேன். ஊக்கத்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வருகிற நம் பிள்ளைகள், பிரிவு என்ற கட்டத்தை நிரப்பும்போது இடது கையால் மறைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் நான்.

எதை ஆராயலாம், எதை ஆராயக்கூடாது என்று ஒரு தோழர் கேட்டார். பயம் நியாயமானதுதான். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்த வருஷத்தை மூச்சுவிடாமல் சொல்கிற விழுப்புரத்துப் பிள்ளைக்கு இது தெரியாது. அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் குறைந்துகொண்டே வருகிறார்கள். பக்கத்தில் மேல்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள், ஜூனில் கோயிலுக்கு சீல் வைத்தார்கள், நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. அந்த இரண்டு வருஷமும் அங்கே ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்? யாராவது கேட்டோமா? இவையெல்லாம் ஆராயப்பட வேண்டியவைதான். ஆனால் முதல் வருஷத்திலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து. கிழிந்த நோட்டைப் பார்த்தவன் சொல்கிறேன். வரைபடத்தில் தொடங்குங்கள். அடுத்த வருஷம் நிலம். 1891 இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கை, அதையடுத்து 1892 இல் வந்த பஞ்சமி நில ஒதுக்கீடு, அந்த நிலம் இன்று யார் கையில் என்பதைக் கிராம நிர்வாக அலுவலகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதைக்கூடப் பெரியவர்கள் துணையில்லாமல் செய்யக்கூடாது. 1994 இல் காரணையில் இதே நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதை மறந்துவிட வேண்டாம்.

இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக்கிராமம். அங்கே டான் மிலானி என்ற பாதிரியார், மற்ற பள்ளிகள் தோற்றவர்கள் என்று துரத்திவிட்ட விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து, யாருடைய பிள்ளைகளைப் பள்ளிகள் தோல்வியடைய வைக்கின்றன என்று புள்ளிவிவரம் திரட்டி, ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதி 1967 இல் புத்தகமாக்கினார்கள். எட்டுப் பேரின் பெயரும் அட்டையில் இல்லை. பள்ளியின் பெயர் மட்டும் இருந்தது. ஆராயப்பட வேண்டியவர்கள் தோற்ற பிள்ளைகள் அல்ல, தோற்கடித்த பள்ளி என்று அவர்கள் திருப்பிப் போட்டார்கள்.

நடைமுறை விஷயம் சிலவற்றைச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன். குழுவுக்கு ஏழு பேருக்குமேல் வேண்டாம், எட்டாவது ஆள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறார். குழுவை அகர வரிசையில் பிரியுங்கள், 'நல்லா படிக்கிற பிள்ளை ஒண்ணு எங்க குரூப்ல' என்ற பேச்சு வேண்டாம். கூடுகிற இடம் ஊரும் சேரியும் சேராத இடமாக இருந்தால் நல்லது, எங்களுக்கு நூலகக் கட்டடம் கிடைத்தது. டீயும் பிஸ்கட்டும் ஒரே தட்டில் வையுங்கள், ஆனால் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எழுதுகிறவர், பேசுகிறவர், எண்ணுகிறவர் என்ற வேலைகளை வாராவாரம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் பெருக்குகிற வேலைக்கே போய்விடுவார்கள், பழக்கம். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு நகல் எடுத்து ஊருக்கு வெளியே யாரிடமாவது வையுங்கள். எங்கள் ஏழு நோட்டில் ஆறு நோட்டுக்கு நகல் இல்லை, இந்த மாதம் எடுக்க வேண்டும். அந்த ஊர்ப்பெண் இப்போது திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்பு. இருளர் பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் இன்னும் சார் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டது, மேலே சேர்வதற்கும் ஊக்கத்தொகைக்கும் அது வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் அதற்காக மனு எழுத நாலு பேர் உட்காருகிறோம். கையெழுத்து நன்றாக இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இருங்கள்.